இளைத்துப்போன கொன்றை

காலையில் எழுந்ததும் நான் செய்கிற முதல் வேலை, ஒரு மரத்தை நகத்தால் கீறுவது.

இலையில்லாமல் நிற்கிற குச்சி ஒன்று உயிரோடு இருக்கிறதா, காய்ந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள இதைவிட எளிய வழி கிடையாது. கட்டைவிரல் நகத்தால் மேல்தோலை லேசாகச் சுரண்ட வேண்டும். அடியில் ஈரமும் பச்சையும் தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக, உலர்ந்து, பொடியாக உதிர்ந்தால் இல்லை. எங்கள் சரக்கொன்றையில் என் கைக்கு எட்டுகிற உயரம் வரை எல்லாக் குச்சிகளிலும் இப்போது சின்னச் சின்னக் கீறல்கள். ஜன்னல் வழியாக இதை நாள்தோறும் பார்த்துக்கொண்டிருந்த என் கணவர் ஒருநாள் பொறுக்க முடியாமல் சொன்னார்: "அதுவா சாகுதோ இல்லையோ, நீ கீறிக் கீறியே சாகடிச்சிடுவ போல."

நான் பதில் சொல்லவில்லை. அவர் சொன்னதில் கொஞ்சம் நியாயம் இருந்தது. ஒவ்வொரு கீறலும் ஒரு புண்தானே. ஆனால் நாள் முழுக்கத் தெரியாமல் கிடப்பதைவிட, காலையில் ஒரு தடவை பச்சையைப் பார்த்துவிட்டால் மற்ற வேலைகள் ஓடும்.

அந்த மரத்துக்கு இப்போது 18 வயது. கடையில் வாங்கிய கன்று அல்ல, விதை போட்டு வந்தது. கொன்றை நெற்றைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஒரு முழத்துக்குக் கருப்பாக, உருட்டுத்தடி மாதிரி இருக்கும். ஆட்டினால் உள்ளே கலகலவென்று சத்தம் கேட்கும். அதன் அறிவியல் பெயர் காசியா பிஸ்டுலா. பிஸ்டுலா என்றால் லத்தீனில் குழாய். மருத்துவர்கள் வேறொரு நோய்க்குச் சொல்லும் அதே சொல்தான். பெயர் வைத்தவர் நெற்றைத்தான் பார்த்திருப்பார், பூவைப் பார்க்கவில்லை போலிருக்கிறது. நெற்றை உடைத்தால் உள்ளே காசுகளை அடுக்கியதுபோல் மெல்லிய தடுப்புகள், ஒவ்வொரு அறைக்கும் ஒரு விதை, சுற்றிலும் பிசுபிசுவென்று கரிய சதை.

விதையை ஊறவைத்தேன். ஒரு வாரம், இரண்டு வாரம், ஒன்றும் நடக்கவில்லை. அதன் ஓடு அவ்வளவு கெட்டி. தண்ணீரே உள்ளே இறங்காது. அப்போது என் கணவர்தான் உப்புத்தாளை எடுத்துவந்து உட்கார்ந்தார். விதையை விரல் நுனியில் பிடித்துக்கொண்டு, ஒரு பக்கத்து மினுமினுப்பு போகும்வரை தேய்த்தார். மொத்தம் 12 விதைகள். விரல் நகமும் சேர்ந்து தேய்ந்துபோனது. அன்றிரவு ஊறவைத்தவை காலையில் இரண்டு மடங்காக உப்பியிருந்தன. மூன்று முளைத்தன, ஒன்று தங்கியது. அதனால் இந்த மரம் என்னுடையது என்று நான் மட்டும் சொல்லிக்கொள்ள முடியாது. இது பின்னால் முக்கியமாகப் போகிறது.

எட்டாவது வருடம் முதல் பூ. இலையெல்லாம் ஏறக்குறைய உதிர்ந்து, மரம் வெறும் கம்பாக நின்று, 'போச்சு' என்று நினைக்கிற நேரத்தில் கொத்துக் கொத்தாகத் தொங்கத் தொடங்கியது. கொன்றைக் கொத்தில் எனக்குப் பிடித்தது, அது ஒரே நாளில் மலர்ந்து தீர்வதில்லை என்பதுதான். கிளையோடு ஒட்டிய மேற்பகுதி விரிந்து நிற்கும்போது நுனியில் இன்னும் பச்சை மொட்டுகள் உருண்டையாக இருக்கும். மேலே பூ உதிர ஆரம்பித்த பிறகும் கீழே மலர்ந்துகொண்டிருக்கும். பிறகு பல வருடங்கள், கோடை வந்தால் எங்கள் வாசலில் மஞ்சள்தான். பெருக்க மனம் வராது.

மரம் இளைப்பது கூடவே இருப்பவர்களுக்குத் தெரியாது. குழந்தை வளர்வது பெற்றவர்களுக்குத் தெரியாது என்பார்கள் அல்லவா, அதன் மறுபக்கம் இது. வருடத்துக்கு ஒருமுறை வருகிற என் அத்தை வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் மேலே பார்த்துவிட்டுக் கேட்டார்: "என்னடி, மரம் இப்படி இளைச்சுப்போச்சு?"

எனக்குச் சுருக்கென்றது. மனுஷரைப் பற்றிச் சொல்கிற சொல் அது. கொஞ்சம் கோபம்கூட வந்தது. "இலை உதிர்கிற காலம் அத்தை" என்றேன். அது இலை உதிர்கிற காலமே இல்லை.

அவர் போன பிறகு மரத்தடியில் போய் நின்று, அண்ணாந்து பார்த்தேன். முன்பெல்லாம் அங்கே நின்றால் வானம் தெரியாது. இப்போது தெரிந்தது, அதுவும் துண்டு துண்டாக அல்ல, தாராளமாக. உச்சியில் மேற்குப் பக்கமாக ஒரு கிளை முழுக்க மொட்டையாக இருந்தது. அதன் அடுத்த கிளையில் இலை இருந்தது, ஆனால் சிற்றிலைகள் முன்பிருந்ததில் பாதி அளவு. தரையில் விழுந்த நிழல் சல்லடை மாதிரி. எத்தனை மாதமாக இப்படி இருக்கிறது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நாள்தோறும் அந்த நிழல் வழியாகத்தான் நடந்து போய்க்கொண்டிருந்தேன்.

அடுத்த சில வாரங்கள் எங்கள் வீட்டு வாசல் மருத்துவ முகாம் மாதிரி ஆனது. வருகிறவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு நோய் சொன்னார்கள். தோட்ட வேலைக்கு வரும் அண்ணன், பட்டையில் மண் கோடு ஒன்றைக் காட்டி, கறையான் என்றார். பக்கத்து வீட்டு அக்கா புழு என்றார். புழு இருந்தது உண்மைதான். கொன்றை இலையில் முட்டையிடுகிற, வெளிர் மஞ்சளும் வெள்ளையுமான பட்டாம்பூச்சியின் பச்சைப் புழு. ஆனால் அது வருடாவருடம் வந்து இலையைத் தின்றுவிட்டுப் போகும், மரம் மறுபடி துளிர்த்துக்கொள்ளும். அந்தப் பட்டாம்பூச்சிக்காகவும்தான் மரத்தை வைத்திருந்தேன். கறையானும் பெரும்பாலும் செத்த கட்டையைத் தேடித்தான் வரும். சாவு வீட்டுக்கு வந்தவரைக் கொலைகாரன் என்று பிடித்துக்கொள்வதுபோலத்தான் அது.

ஒரு நண்பர் தன் செல்போனில் ஒரு செயலியைத் திறந்து இலையைப் படம் எடுத்தார். தண்ணீர் அதிகம் என்றது. மறுநாள் வேறு இலையை எடுத்தால் தண்ணீர் போதவில்லை என்றது. சிரித்துவிட்டோம். பிறகு யோசித்தால், அந்தச் செயலியைக் குற்றம் சொல்ல முடியாது என்று தோன்றியது. தண்ணீர் அதிகமாகிக் காற்று கிடைக்காமல் வேர் அழுகினால், அந்த வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. தண்ணீரில் நின்றுகொண்டே மரம் தாகத்தில் வாடும். மேலே இலைக்குத் தெரிவது தாகம் மட்டும்தான். ஏன் தாகம் என்று இலைக்குத் தெரியாது. வேர் அழுகல், வேர் வெட்டுப்படுதல், மண் இறுகுதல், உப்பு ஏறுதல் என்று நோய்கள் பல, முகம் ஒன்று.

நான் செய்த பெரிய முட்டாள்தனம் இந்தக் கட்டத்தில்தான் நடந்தது. 'இளைச்சிருக்கு, சத்து வேணும்' என்று யாரோ சொல்ல, உரம் வாங்கிவந்து கொட்டினேன். ஒரு தடவை அல்ல, மாதம் ஒன்று வீதம் மூன்று தடவை. மரத்துக்கு உரம் உணவல்ல என்பது அப்போது எனக்குத் தெரியாது. அது தன் உணவை இலையில் தானே செய்துகொள்கிறது. உரம் மூலப்பொருள்தான். நலிந்த மரத்துக்குத் தழைச்சத்தை அள்ளிப் போட்டால், 'வளர்' என்று அதட்டுவதுபோல ஆகும். அது கையிருப்பில் உள்ள மாவுச்சத்தைக் கரைத்துத் துளிர் விடும். கூடவே மண்ணில் உப்பு ஏறி, மிச்சமிருக்கிற இளவேர்களையும் சுடும். அந்த முறை பளபளவென்று தளிர் வந்ததைப் பார்த்து நான் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். ஆறு வாரத்தில் அந்தத் தளிர்கள் நுனி கருகிச் சுருண்டன.

அதற்குப் பிறகுதான் மரங்களைப் பற்றி முறையாகப் படித்த ஒரு பெண்ணைத் தேடிப் பிடித்தோம். என்னைவிடச் சிறியவர், வந்ததும் அக்கா என்றே கூப்பிட்டார். அதுவரை வந்த அத்தனை பேரும் மரத்தை அண்ணாந்து பார்த்தார்கள். இவர் மேலே ஒரு பார்வை பார்த்துவிட்டு, அடிமரத்தருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து மண்ணைக் கையால் ஒதுக்கத் தொடங்கினார்.

"மரம் மண்ணுக்குள்ள போற இடம் விரிஞ்சு இருக்கணும் அக்கா. யானைக் கால் மாதிரி. இது கம்பம் நட்ட மாதிரி நேரா இறங்குது பாருங்க."

எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஏனென்றால் அடிமரத்தைச் சுற்றி வட்டமாகக் கல் அடுக்கி, மண் நிரப்பி, பூச்செடிகள் வைத்தது நான். ஐந்தாறு வருடங்களுக்கு முன்பு. பார்க்க மிக அழகாக இருந்தது. ஒரு சாண் உயரம் மண். ஒரு சாண் மண் ஒரு பெரிய மரத்தை என்ன செய்துவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். மரத்தின் வேர் ஆழத்தில் இருக்கிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பதால் வருகிற தப்பு அது. உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி மேலே உள்ள ஓர் அடி, ஒன்றரை அடி மண்ணுக்குள்தான் இருக்கும். ஆழத்துக்குப் போவதைவிட அகலத்துக்குத்தான் அதிகம் போகும், கிளைகளின் விளிம்பையும் தாண்டி. வேரும் மூச்சு விடுகிறது. அதன்மேல் புது மண்ணைக் கொட்டுவது, தூங்குகிறவர் முகத்தில் தலையணையை வைப்பதற்குச் சமம், மெதுவாக அழுத்துகிற தலையணை. அடிப்பட்டையும் சதா ஈரத்தில் ஊறும்.

அவர் இன்னும் கொஞ்சம் தோண்டினார். சில இளவேர்களை எடுத்து முகர்ந்து பார்த்தார். என்னிடமும் நீட்டினார். நல்ல வேர் மண் வாசனை அடிக்கும், அழுகிய வேர் புளித்த நாற்றம் அடிக்கும் என்றார். எங்களுடையது இரண்டுக்கும் நடுவில் இருந்தது. ஓரிடத்தில் ஒரு வேர் அடிமரத்தைச் சுற்றி வளைந்து ஓடியது. பருத்தால் கழுத்தை நெரிக்கும் வகை, ஆனால் இன்னும் நெரிக்கவில்லை. அடிமரத்தில் காளான் எதுவும் இல்லை. காய்ந்த கிளையை அறுத்துக் குறுக்குவெட்டைப் பார்த்தார். நீர்க்குழாய்களை அடைக்கிற வாடல் நோய் என்றால் கட்டையில் கருங்கோடுகள் தெரியும், அதுவும் இல்லை. மண்ணும் வேரும் ஆய்வகத்துக்குப் போயின. மூன்று வாரம் கழித்து, குறிப்பிட்டுச் சொல்லும்படி எதுவும் இல்லை என்று பதில் வந்தது.

அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நான் அழுதேன். நோய் இருக்கிறது என்று சொல்லியிருந்தால்கூட அவ்வளவு அழுதிருக்க மாட்டேன்.

கிளம்புவதற்கு முன் அந்தப் பெண் கேட்ட ஒரு கேள்விதான் பிறகு எங்கள் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தது. "போன வருஷம் என்ன ஆச்சுன்னு யோசிக்காதீங்க. அஞ்சு, ஆறு, ஏழு வருஷம் முன்னாடி இந்த இடத்துல என்ன நடந்தது?"

மரம் தன் கட்டையிலும் வேரிலும் மாவுச்சத்தைச் சேமித்து வைத்திருக்கும். வரவு குறைந்தாலும் அந்தச் சேமிப்பை எடுத்துச் செலவழித்து, வருடக்கணக்கில் வெளியே ஒன்றும் தெரியாமல் காலம் தள்ளும். கௌரவமான குடும்பங்கள் சில இப்படி இருக்கும். உள்ளே பெட்டி காலியாகும்வரை வெளியே வேட்டி சட்டை மடிப்பு கலையாது. நமக்கு முதல் குறி தெரியும்போது மரத்துக்கு அது கடைசி அத்தியாயமாக இருக்கலாம்.

பால் மேனியன் என்கிற அமெரிக்கத் தாவரநோய் அறிஞர் 1981இல் இதை ஒரு சுழலாக வரைந்து விளக்கினார். மரத்தின் நலிவுக்கு ஒரே காரணத்தைத் தேடாதே, மூன்று அடுக்காகப் பார் என்பது அவர் சொன்னதன் சாரம். முதலில் மரத்தை நெடுங்காலமாகப் பலவீனப்படுத்தி வைத்திருப்பவை: பொருந்தாத மண், இறுகிய மண், முதுமை போன்றவை. அடுத்து, குறுகிய காலத்தில் ஓங்கி அடிப்பவை: ஒரு வறட்சி, ஒரு வெள்ளம், ஒரு வேர் வெட்டு. கடைசியில், விழுந்த மரத்தில் ஏறி மிதிப்பவை: துளைப்பான் வண்டு, காளான், வேரழுகல். நம் கண்ணில் படுவது இந்தக் கடைசிக் கூட்டம்தான். 'பட்ட காலிலே படும், கெட்ட குடியே கெடும்' என்று நம் ஆட்கள் இதை ஒரே வரியில் முடித்துவிட்டார்கள், படம் மட்டும் வரையவில்லை.

சரி, ஐந்தாறு வருடங்களுக்கு முன் என்ன நடந்தது? என் வட்டப் பாத்தி. அப்புறம் அதே காலத்தில், என் கணவர் ஆள் வைத்து மரத்தின் கிழக்குப் பக்கமாகத் தண்ணீர்க் குழாய்க்கு ஒரு பள்ளம் தோண்டினார். இரண்டடி ஆழம், அடிமரத்திலிருந்து ஐந்தாறு எட்டு தள்ளி. அந்த வேலை நடந்தபோது மண்வெட்டியில் வேர்கள் வெட்டுப்பட்டதை நான் பார்த்தேன். கட்டைவிரல் கனம், இரண்டொன்று அதைவிடக் கனம். சிமெண்டு குழைத்த சட்டியைக் கழுவிய தண்ணீரையும் ஆட்கள் அங்கேயே ஊற்றினார்கள். பச்சைச் சிமெண்டுத் தண்ணீர் கடும் காரம், அதன் pH அளவு 12, 13 வரை போகும். அன்று நான் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் பள்ளத்தை மூடிவிட்டார்கள், நானும் மறந்துவிட்டேன்.

அதாவது, சந்தேகத்துக்கு இடமான ஆட்கள் இரண்டு பேர். இருவரும் ஒரே வீட்டில், எதிரெதிரே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தோம்.

நாங்கள் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதற்குப் பதிலாக, ஒருநாள் நான் சாதாரணமாகச் சொல்வதுபோலச் சொன்னேன்: "வேரை வெட்டினா நாலஞ்சு வருஷம் கழிச்சுத்தான் தெரியுமாம்." அவர் பக்கத்தைப் புரட்டிவிட்டு, "மண்ணைப் போட்டு மூடினாலும் அப்படித்தானாம்" என்றார். அவ்வளவுதான். ஆனால் அன்றிலிருந்து மரத்தைப் பற்றி நாங்கள் பேசுவது குறைந்தது.

நான் இரவெல்லாம் சாட்சியங்களை அடுக்கிப் பார்ப்பேன். பள்ளம் கிழக்கே. காய்ந்த கிளை மேற்கே. பல மரங்களில் ஒரு பக்கத்து வேர் அதே பக்கத்துக் கிளைக்குத்தான் தண்ணீர் அனுப்பும். அப்படியானால் அவர் நிரபராதி. ஆனால் சில மரங்களில் கட்டையின் நார்கள் முறுக்கிக்கொண்டு ஏறும், கிழக்கு வேரின் தண்ணீர் மேற்குக் கிளைக்குப் போகும்; அப்படியானால் என்ன சொல்வது. என் பாத்தியோ சுற்றிலும் வட்டமாக இருந்தது. அதுதான் காரணமென்றால் ஒரு பக்கம் மட்டும் ஏன் முதலில் காய வேண்டும்? இப்படி அவரைக் குற்றவாளியாக்கி, பிறகு விடுதலை செய்து, என்னைக் கூண்டில் ஏற்றி, விடிந்துவிடும். எழுந்து போய் நகத்தால் கீறுவேன்.

ஒருநாள் பழைய படங்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எப்போது இளைக்க ஆரம்பித்தது என்றாவது தெரியட்டும் என்று. கோடைதோறும் வாசலில் எடுத்த படங்கள் இருந்தன. மரத்தின் உச்சிப் பகுதியை மட்டும் பெரிதாக்கி, ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்தேன். நான்கு வருடங்களுக்கு முன்பு ஒரு படம். அந்த வருடத்தை எங்களால் மறக்கவே முடியாது. மரம் அதற்கு முன்னும் பின்னும் அப்படிப் பூத்ததில்லை. இலையே தெரியாமல், கிளையே தெரியாமல், உச்சியிலிருந்து அடி வரை மஞ்சள் கொட்டிக் கிடந்தது. தெருவில் போகிறவர்கள் நின்று படம் எடுத்தார்கள். நான் பெருமையில் மிதந்தேன். அந்த வட்டப் பாத்தியின் மண் வளம்தான் காரணம் என்றுகூட ஒருவரிடம் சொன்ன ஞாபகம் இருக்கிறது. அந்த வருடம் நெற்றும் ஏராளம். காற்றடித்தால் மரமே கிலுகிலுப்பை மாதிரி ஒலிக்கும்.

அடுத்த வருடப் படத்தில் மேற்குக் கிளை மெலிந்திருக்கிறது. அதற்கடுத்ததில் மொட்டை.

நெருக்கடியில் இருக்கும் மரம் சில சமயம் அளவுக்கு மீறிப் பூத்துக் காய்க்கும், போவதற்கு முன் விதையையாவது விட்டுவிட்டுப் போகலாம் என்பதுபோல. இது எல்லா முறையும் நடப்பதல்ல. வெறுமனே நல்ல வெயில் கிடைத்த ஒரு நல்ல வருடமாகவும் அது இருந்திருக்கலாம். அந்தப் படத்தை எத்தனை பெரிதாக்கிப் பார்த்தாலும் மஞ்சள் புள்ளிகள்தான் பெரிதாகின்றன. ஆனால் ஒன்று மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. நான் ஊரைக் கூட்டிக் காட்டிய அந்தப் பூ ஒரு கூக்குரலாக இருந்திருந்தால்? கூடத்தில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறோம் அந்தப் படத்தை. கழற்றலாமா என்று யோசித்தேன். கழற்றவில்லை.

காரணம் தெரிந்தே ஆக வேண்டும் என்கிற வெறி எனக்கு மட்டும் வந்ததல்ல. போலந்து நாட்டில் ஆஷ் மரங்கள் கொத்துக் கொத்தாக நுனி கருகத் தொடங்கியது 1990களின் தொடக்கத்தில். பனி, வறட்சி என்று என்னென்னவோ சந்தேகப்பட்டார்கள். ஒரு பூஞ்சைதான் காரணம் என்று அதற்கு ஒரு பெயர் சூட்டி உலகுக்குச் சொல்ல 2006 வரை ஆயிற்று. அது கிழக்கு ஆசியாவிலிருந்து வந்தது. அங்கே உள்ள ஆஷ் மரங்களுக்கு அது பெரிய தொந்தரவே இல்லை. கலிஃபோர்னியாவில் ஓக் மரங்கள் 1990களின் நடுவில் திடீர் திடீரென்று செத்தபோதும் அப்படித்தான். 2000இல்தான் குற்றவாளி பிடிபட்டது. அது ஃபைட்டோஃப்தோரா என்கிற, பூஞ்சை போன்ற நுண்ணுயிர்ப் பேரினத்தைச் சேர்ந்தது. 1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழித்தது இதன் உறவுக்காரன். 1876இல் அந்தப் பேரினத்துக்குப் பெயர் வைத்த அன்டோன் டி பேரி, சுற்றி வளைக்காமல் 'செடி அழிப்பான்' என்ற பொருளில் வைத்துவிட்டார்.

அவை காடு காடாகச் செத்த மரங்கள். அத்தனை ஆய்வகங்கள், அத்தனை நுண்ணோக்கிகள் வைத்துக்கொண்டு அவர்களுக்கே வருடக்கணக்கில் ஆனது. என் வாசலில் நிற்பது ஒற்றை மரம். ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்தில் இன்னொன்றுகூட இல்லை. அதற்கு யார் வந்து உட்கார்ந்து விடை கண்டுபிடிக்கப் போகிறார்கள்? இதைப் படித்தபோது எனக்கு நிம்மதி வந்தது என்று சொன்னால் பொய். அலுப்பு வந்தது. அந்த அலுப்பு கொஞ்சம் நன்மை செய்தது. இரவில் வழக்கு விசாரிப்பதை நிறுத்தினேன்.

இன்னொன்றும் மெதுவாகப் புரிந்தது, சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. விடை தெரியாமல் இருப்பது எங்கள் இருவருக்குமே ஒரு வசதி. ஆய்வகத் தாளில் 'வேர் வெட்டு' என்று வந்திருந்தால் நான் அவரை மன்னித்திருப்பேனா? மன்னித்திருப்பேன், ஆனால் மன்னித்தேன் என்பதை அவர் மறக்காதபடி பார்த்துக்கொண்டிருப்பேன். என்னை எனக்குத் தெரியும். 'அடிமரம் மூடியது' என்று வந்திருந்தால் அவர் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார், அந்தச் சொல்லாமை என்னைத் தின்றிருக்கும். உப்புத்தாளில் விதை தேய்த்த அந்த விரல்கள் என் நினைவுக்கு வரும்போதெல்லாம் தின்றிருக்கும். மரம் வாய் திறக்காமல் எங்கள் இருவரையும் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

இப்போது செய்வது ரொம்பக் கொஞ்சம்தான். பாத்திக் கல்லை எடுத்தாயிற்று. மண்ணைக் கடப்பாரை படாமல், கையாலும் மரக்குச்சியாலும் கிளறி, நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் அகற்றினோம். அடிமரம் விரிகிற இடம் வெளியே வந்தபோது அதன் பட்டை வெளிறி, ஊறிப்போய், தண்ணீரில் ரொம்ப நேரம் இருந்த பாதம் மாதிரி இருந்தது. கழுத்தைச் சுற்றிய வேரை அந்தப் பெண் வந்து வெட்டிக் கொடுத்தார். கிளைகளின் விளிம்பு வரை மரத்தூளும் சருகும் நான்கு விரல் கனத்துக்குப் பரப்பினோம், அடிமரத்தைத் தொடாமல். தினம் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிய தண்ணீரை நிறுத்திவிட்டு, மண் காய்ந்த பிறகு ஆழமாக இறங்கும்படி ஊற்றுகிறோம். உரம் கிடையாது.

காய்ந்த கிளையை வெட்டிய இடத்தில் ஏதாவது பூசட்டுமா என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். வேண்டாம் என்றார். அலெக்ஸ் ஷைகோ என்றொரு அமெரிக்க வனத்துறை ஆராய்ச்சியாளர், மரங்களைச் சங்கிலி ரம்பத்தால் நீளவாக்கில் பிளந்து பிளந்து பார்த்தவர். ஷைகோ கண்டுகொண்டதைத்தான் அந்தப் பெண் எனக்குச் சொன்னார். நமக்குப் புண் ஆறும். அந்த இடத்தில் புதுத் தசை வரும். மரத்துக்குப் புண் ஆறுவதே இல்லை. அது அழுகலைச் சுற்றிச் சுவர் எழுப்பி அடைத்துவிட்டு, மேலே புதுக் கட்டையை வளர்த்துக்கொண்டு போகும். பட்ட அடி எல்லாம் உள்ளேயே, அது பட்ட இடத்திலேயே இருக்கும். மேலே பூசுகிற பூச்சு அந்தச் சுவரை எழுப்ப உதவாது. இதைக் கேட்டபிறகு என் நகக்கீறல்களை எண்ணிப் பார்த்தேன். எண்ணி முடியவில்லை.

இந்தக் கோடையில் மேற்குப் பக்கம் இன்னொரு கிளையும் போய்விட்டது. அடிமரத்திலிருந்து நேராகச் சில தளிர்கள் கிளம்பியிருக்கின்றன. பார்க்கிறவர்கள், "அட, துளிர்க்குது, பிழைச்சுக்கும்" என்கிறார்கள். தலையில் இலை போன மரம் கைக்கு அகப்பட்ட இடத்தில் விடுகிற அவசரத் தளிர் அது. நல்ல குறியாகவும் இருக்கலாம், மோசமான குறியாகவும் இருக்கலாம். நான் அவர்களைத் திருத்துவதில்லை. தெற்குக் கிளை பூத்தது. 11 கொத்துகள் என்று நான் எண்ணினேன். என் கணவர் 12 என்றார். திரும்ப எண்ணலாம் என்று போவதற்குள் காற்றடித்துப் பாதி உதிர்ந்துவிட்டது.

அதற்கும் முந்தைய வாரம் ஒரு காலை. வழக்கம்போலத் தெற்குப் பக்கக் குச்சிகளை முடித்துவிட்டுக் கிழக்கே வந்தேன். அந்தப் பக்கம் நான் அதிகம் போவதில்லை. பள்ளம் தோண்டிய பக்கம் அது, கிளைகளும் உயரம். சும்மா அண்ணாந்து பார்த்தபோது, ஒரு குச்சியில் கட்டைவிரல் நகம் அகலத்துக்குத் தோல் உரிந்து, உள்ளே பச்சை ஈரமாக மின்னியது. அணில் பல் படிந்த மாதிரி இல்லை. பக்கத்தில் இன்னொன்று, பழசு, விளிம்பு பழுத்துக் காய்ந்தது. அதற்குமேல் இன்னும் இரண்டு மூன்று.

குதிகாலைத் தூக்கி, கையை நீட்டிப் பார்த்தேன். அந்த உயரம் எனக்கு எட்டவில்லை.